அரைப்பேரும் ஒரு நாள்தான்

1

எனக்குப் பிள்ளைப்பேற்று விடுமுறை கிடைத்திருக்கிறது. அச்சுப் பிழை இல்லை. என் மனைவிக்குக் கிடைத்தது தனி. இது எனக்கே எனக்கு.

நான் இருப்பது நோர்வேயின் வடக்குக் கரையில் ஒரு மீன்பிடித் துறைமுகம். மீன் பதனிடும் தொழிற்சாலையில் எனக்கு வேலை. மனைவி செல்வி இலங்கையில் இரத்தோட்டைக்காரி, இங்கே முதியோர் இல்லமொன்றில் வேலை செய்கிறாள். மூத்த மகளுக்கு ஐந்து வயது. இரண்டாவது பிள்ளை பிறக்க இன்னும் சில வாரங்கள் இருந்தபோது, தொழிற்சாலையில் எங்கள் பகுதிக்குப் பொறுப்பான நோர்வேஜியப் பெண்மணி என்னைக் கூப்பிட்டு ஒரு விண்ணப்பப் படிவத்தைக் கையில் தந்தார். வீட்டுக்குக் கொண்டுவந்து மேசையில் விரித்தேன். மேலே பெரிய எழுத்தில் ஒரு நீளமான சொல். பின்பாதி விடுமுறை என்று தெரியும். முன்பாதி பாப்பா.

ஆகா, எவ்வளவு நல்ல அரசாங்கம், பாப்பாவின் பேரிலேயே விடுமுறை வைத்திருக்கிறார்களே என்று உருகிப்போய்ச் செல்வியிடம் நீட்டினேன். "இந்தா, இது ஒன்னோடது. பாப்பா லீவு."

மகள் எட்டிப் பார்த்தாள். எழுத்துக் கூட்டினாள். பிறகு சிரிக்கத் தொடங்கினாள்.

"அது பாப்பா இல்ல. பப்பா! பப்பான்னா நீங்க!"

இந்த நாட்டில் அப்பாவுக்குப் பெயர் பப்பா என்பதை நான் அறியாதவனல்ல. பாலர் பாடசாலையிலிருந்து வரும்போது அவள் என்னை அப்படித்தான் கூப்பிடுகிறாள். வீட்டுப் படியேறிய பிறகுதான் அப்பா. சில நாட்களில் படியேறிய பிறகும் பப்பாதான். ஆனாலும் எழுத்தில் பார்த்தால் கண் தமிழாகத்தான் வாசிக்கிறது.

மறுநாள் தொழிற்சாலையில் விஷயம் பரவிவிட்டது. எங்களோடு வேலை செய்யும் தமிழர்களில் பெரும்பாலானோர் யாழ்ப்பாணத்துக்காரர். எல்லோருக்கும் மூத்தவரான குகன் அண்ணன், மீன் வெட்டும் மேசைக்கு அப்பாலிருந்து சத்தமாகக் கேட்டார்.

"என்ன தம்பி, பிள்ளை பெறப்போறது மனிசியோ, நீரோ?"

"ரெண்டு பேரும்தான் அண்ணே."

"அப்ப கொஞ்சம் திரும்பி நில்லும். வயித்தைப் பாப்பம்."

அன்று முழுக்க என் வயிற்றைப் பற்றித்தான் பேச்சு. நானும் சிரித்தேன். மாலையில் அக்காவுக்குத் தொலைபேசி எடுத்தேன். அக்கா பாக்கியம் இலங்கையில், எல்கடுவைப் பக்கத்தில் நாங்கள் பிறந்த அதே தேயிலைத் தோட்டத்தில்தான் இன்னமும் இருக்கிறாள்.

"ஒனக்கா லீவு? நீ எதுக்குடா வீட்ல இருக்கப் போற? பால் குடுக்கவா?"

"துணி மாத்தணும், குளிப்பாட்டணும், தூங்க வைக்கணும், எவ்வளவோ இருக்குக்கா. இது சட்டம். நான் எடுக்கலைன்னா அந்த வாரமெல்லாம் சும்மா போயிரும். செல்விக்கும் மாத்திக் குடுக்க மாட்டாங்க."

"சம்பளம்?"

"அது அரசாங்கம் குடுக்குது. முழுச் சம்பளம் வேணும்னா வாரம் கொறையும். சம்பளம் கொஞ்சம் கொறஞ்சாலும் பரவாயில்லைன்னா வாரம் கூடும். எது வேணும்னு நாமளே எழுதிக் குடுக்கணும்."

அந்தப் பக்கம் அக்கா முணுமுணுத்துக் கணக்குப் போடுவது கேட்டது.

"அப்ப," என்றாள் அக்கா மெதுவாக, "ஒனக்கு முழுப்பேர் போடவா அரைப்பேர் போடவான்னு ஒங்கிட்டயே கேக்குறாங்க?"

"ஆமாக்கா."

அவள் சிரிக்கத் தொடங்கினாள். நானும் சிரித்தேன். பக்கத்தில் நின்ற செல்விக்கும் புரிந்துவிட்டது, அவளும் தோட்டத்துப் பிள்ளைதானே. மூன்று பேரும் இரண்டு நாடுகளில் இருந்துகொண்டு மூச்சு முட்டச் சிரிக்கிறோம். மகள் மட்டும் எங்கள் முகங்களை மாறி மாறிப் பார்த்து, என்ன, என்ன என்று நோர்வேஜிய மொழியில் கேட்டுக்கொண்டிருந்தாள். எனக்கு அந்த மொழியில் மீனைப் பற்றியும் வானிலையைப் பற்றியும் நன்றாகப் பேச வரும். பேர் என்ற சொல்லை விளக்க வரவில்லை.

ஊரில் இதை வாசிக்கும் எல்லோருக்குமே அது விளங்கும் என்றும் சொல்ல முடியாது. அதனால் முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

2

தோட்டத்தில் பேர் என்பது ஆளைக் கூப்பிடுவதற்கு மட்டும் உள்ளதல்ல. ஒரு நாள் வேலைக்குப் பெயரே பேர்தான். விடியற்காலை எல்லோரையும் கூட்டி வேலை பிரித்துக் கொடுக்கும் பிரட்டுக்களத்தில் போய் நிற்க வேண்டும். பிறகு மலை ஏற வேண்டும். சொன்ன அளவுக்குக் கொழுந்து பறித்தால் முழுப்பேர். குறைந்தால் அரைப்பேர், அதாவது பாதிச் சம்பளம். "இன்னைக்குப் பேர் விழுந்துச்சா?", "இந்த மாசம் எத்தனை பேர்?" என்பவைதான் எங்கள் வரிசை வீடுகளான லயத்தில் மாலை நேரத்துக் கேள்விகள். யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால், "ஐயோ, பேர் போச்சே" என்றுதான் முதலில் சொல்வார்கள்.

நான் அந்தப் பேரில் வளர்ந்தவன். அப்பா நான் சிறுவனாக இருந்தபோதே போய்விட்டார். அம்மாவும் அக்காவும் மலை ஏறினார்கள். அக்கா ஐந்தாம் வகுப்போடு நின்றுவிட்டாள். நான் மாத்தளைக்கு பஸ்ஸில் போய்ப் படித்து, எங்கள் குடும்பத்தில் முதன்முதலாக உயர்தரப் பரீட்சை எழுதினேன். டவுனில் படித்ததால் சிங்களமும் வந்துவிட்டது. பரீட்சை முடிவுக்காகக் காத்திருந்த அந்த மாதங்களில், லயத்துக்கு வரும் எந்தக் கடிதத்தையும் வாசித்துச் சொல்பவன் நான்தான். அது பற்றி எனக்குக் கொஞ்சம் கர்வமும் இருந்தது. இப்போதும் இருக்கிறது. அதை மறைப்பானேன்?

அந்த வருடம் அக்கா தலைப்பிள்ளையைச் சுமந்திருந்தாள். அத்தான் கொழும்பில் ஒரு கடையில் வேலை. வடக்கில் சண்டை, கொழும்பில் குண்டு, லாட்ஜுகளில் சுற்றிவளைப்பு என்றிருந்த காலம். வரும் வழியில் பிடித்துவிடுவார்களோ என்ற பயத்தில் அவர் ஊருக்கு வருவதே அபூர்வம். அக்கா வயிற்றோடு மலை ஏறினாள். குனிய முடியாது, எட்டிப் பறிக்க முடியாது, கூடையின் கனம் வேறு. கொழுந்து குறைந்தது. வேலையை மேற்பார்க்கும் கணக்கப்பிள்ளை, கொழுந்து நிறுக்கும் கொட்டகையான நிறுவை மடுவத்தில் தராசைப் பார்ப்பார், பென்சிலை எடுப்பார், அரைப்பேர் போடுவார்.

ஒருநாள் அவள் கேட்டே விட்டாள்.

"காலையில ஏறுனவ சாயங்காலந்தானே எறங்குறேன். மத்தியானத்துல வீட்டுக்கா போனேன்? அதென்னங்கய்யா அரை?"

"தராசு பேசட்டும் பாக்கியம்," என்றார் அவர். "நீ பேசாத."

மாத்தளை ஆஸ்பத்திரியில் பெண் பிள்ளை பிறந்தது. எடை மிகக் குறைவு. உடம்போடு ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள், அடிக்கடி பால் கொடுங்கள், குளிர்காற்றுப் படவிடாதீர்கள் என்று சொல்லித்தான் வீட்டுக்கு அனுப்பினார்கள். எங்கள் லயத்திலோ கூரைத் தகரத்துக்கும் சுவருக்கும் நடுவே பனி தாராளமாக உள்ளே வரும். தாய்மார் வேலைக்குப் போகும்போது குழந்தைகளை விட்டுப் போகும் பிள்ளைக்காம்பராவிலிருந்து ஆயா வந்து பார்த்தாள். துணியை விலக்கிப் பார்த்துவிட்டு உடனே மூடினாள்.

"இத எங்கிட்ட கொண்டாந்து விட்றாத பாக்கியம். அங்க இருபது புள்ளைக. சளி, இருமல். இது தாங்காது. நீதான் வச்சிருக்கணும்."

வைத்திருக்க ஒரு வழி இருந்தது. எங்கள் தோட்டம் அப்போதும் அரசாங்கத் தோட்டம். பிள்ளை பெற்ற பெண்ணுக்குச் சில வாரங்கள் வேலைக்குப் போகாமல் வீட்டில் இருக்கச் சட்டப்படி சகாயப் பணம் உண்டு. லயத்தில் அதைப் பிள்ளைக்காசு என்பார்கள். பிள்ளைக்காசு கிடைத்தால் அக்கா வீட்டில் இருப்பாள், பிள்ளை அவள் நெஞ்சில் இருக்கும். கிடைக்காவிட்டால் அவள் மலைக்கு, பிள்ளை காம்பராவுக்கு. எங்களுக்கு இருந்தது இந்த இரண்டே வழிதான்.

3

கிடைக்காது என்றார்கள். அதற்கு முந்தைய ஒரு வருடத்தில் குறிப்பிட்ட அளவு வேலை செய்திருந்தால்தான் பிள்ளைக்காசு. தோட்ட ஆபீஸில் பெரிய கிளாக்கரய்யா அக்காவின் பேர்களைக் கூட்டிப் பார்த்திருக்கிறார். அரையும் அரையும் சேர்த்து ஒன்று, இன்னொரு அரையும் அரையும் சேர்த்து ஒன்று என்று கூட்டினால் தொகை எட்டவில்லை.

"பேர் பத்தாது. அடுத்த வாரம் பிரட்டுக்கு வரச் சொன்னாங்க," என்று கணக்கப்பிள்ளை வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போனார்.

நான் அன்றே உட்கார்ந்து ஒரு மனு எழுதினேன். தாய்மையின் மாண்பு, உழைக்கும் வர்க்கத்தின் கண்ணீர், நாட்டின் முதுகெலும்பு என்று எனக்குத் தெரிந்த அத்தனை நல்ல தமிழும் அதில் இருந்தது. வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு தோட்ட ஆபீஸுக்குப் போனேன். கிளாக்கரய்யா கெட்ட மனிதரல்ல. மனு முழுவதையும் பொறுமையாக வாசித்தார். இரண்டு இடத்தில் தலையை ஆட்டிக்கூட ரசித்தார். பிறகு மடித்து என்னிடமே தந்தார்.

"தமிழ் ரொம்ப நல்லாயிருக்கு தம்பி. ஆனா ரெண்டு அரை சேந்தா ஒண்ணு. இது கணக்கு. நீங்க படிச்சவர். ஒங்களுக்கு நான் சொல்லணுமா?"

இரண்டு அரை ஒன்றுதான். அதில் பிழை எங்கே என்று தெரியாமல், ஆனால் எங்கேயோ பிழை இருக்கிறது என்று மட்டும் தெரிந்து, வீட்டுக்கு வந்தேன்.

அம்மா அடுப்படியில் இருந்தபடியே, "அப்ப போய்த்தான் ஆகணும்," என்றாள். அவள் எங்களைப் பெற்ற காலத்தில் அப்படித்தான் போனாள்.

அக்கா பிள்ளையை மடியிலிருந்து எடுக்கவே இல்லை. "நான் போனா இது பொழைக்காது," என்றாள். அழவில்லை. என்னைப் பார்த்தாள். "ஏன்டா, கிளாக்கரய்யாவுக்கு மேல ஆளே இல்லையா? நீ இத்தனை வருஷம் பஸ் ஏறிப் படிச்சியே, அவருக்கு மேல யாருன்னு சொல்லித் தரலையா?"

மாத்தளையில் லேபர் கந்தோர், அதாவது அரசாங்கத் தொழிலாளர் அலுவலகம் இருப்பது எனக்குத் தெரியும். பள்ளிக்கூடம் போகும் வழியில் அதன் பலகையைத் தினமும் வாசித்திருக்கிறேன். உள்ளே போகலாம் என்று மட்டும் யாரும் சொன்னதில்லை.

"இருக்காங்க," என்றேன்.

"அப்ப நாளைக்கே போவோம். இவளையும் தூக்கிக்கிட்டு வர்றேன்."

4

காலை பஸ்ஸில் போனோம். பிள்ளையை அக்கா தன் சேலைக்குள் வைத்து மேலே என் ஸ்வெட்டரால் சுற்றியிருந்தாள். உக்குவளை தாண்டியதும் செக்பொயின்ட். எல்லோரும் இறங்கி வரிசையில் நின்று அடையாள அட்டையைக் காட்ட வேண்டும். அக்கா எழுந்தபோது, ஏறி வந்த சிப்பாய் சேலைக்குள்ளிருந்து வந்த சிணுங்கலைக் கேட்டுவிட்டு, உட்காருங்கள் என்று கையைக் காட்டினான். அன்று எங்களுக்குக் கிடைத்த முதல் சலுகை அது.

லேபர் கந்தோரில் மனு வாங்கும் மேசையில் இருந்தவர் மாத்தளை டவுன் முஸ்லிம். நடுத்தர வயது, தலையில் தொப்பி, நல்ல மனிதராகத் தெரிந்தார். அக்காவுக்கு முதலில் ஒரு நாற்காலி போடச் சொன்னார். பிறகு படிவத்தை எடுத்தார்.

"பேரச் செல்லுங்க தங்கச்சி. முழுப்பேர்."

அக்கா ஒரு கணம் என்னைப் பார்த்தாள். அத்தனை தூரம் வந்து பொய் சொல்ல அவளுக்கு மனமில்லை.

"முழுப்பேர் இல்லீங்கய்யா."

"இல்லையா?"

"அரைப்பேர்தான் போட்டாங்க. நாலு மாசமாவே அரைப்பேர்தான்."

அவர் பேனாவை நிறுத்தினார். "யார் போட்டது?"

"கணக்கப்பிள்ளைதான்."

"உம்மா வாப்பா வெச்ச பேர அவர் எப்படிம்மா பாதியாக்கின?"

"கொழுந்து கொறஞ்சா பாதியாக்கத்தானே செய்வாருங்க."

அவர் தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவிவிட்டுத் திரும்பப் போட்டார். அக்காவின் அடையாள அட்டையை வாங்கிப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"இதில பாக்கியலெட்சுமி எண்டு ஈக்கே! தோட்டத்தில என்னண்டு எழுதியீக்காங்க?"

"பாக்கியம்னு."

"ஆ, அப்படிச் செல்லுங்க. லெட்சுமிய உட்டுட்டாங்க. அதுதான் அரைப்பேர். தோட்டத்தில இது வழமதான். ஒண்டும் பயப்பட வாணாம். சத்தியக் கடதாசி ஒண்டு முடிச்சுத் தந்தா செரி."

அக்காவின் கண்கள் விரிந்தன. "லெட்சுமியைச் சேத்துட்டா எல்லாம் முழுப்பேர் ஆயிருமாங்கய்யா?"

"ஆகும், ஆகும்."

"பாத்தியாடா," என்றாள் என் பக்கம் திரும்பி. "இதுக்குத்தான் பெரிய எடத்துக்கு வரணும்கிறது."

இருவரும் இவ்வளவு மகிழ்ச்சியாக இருக்கும்போது குறுக்கே பேச எனக்கு மனமே வரவில்லை. ஆனாலும் பேசினேன். பேர் என்றால் எங்களிடம் என்ன என்பதைச் சொன்னேன். அவர் கேட்டார். மேசையில் கையைத் தட்டிச் சிரித்தார். அவருக்கு அடுத்த மேசையில் இருந்தவருக்கும் அதைச் சொல்லி அவரையும் சிரிக்க வைத்தார். பிறகு சட்டென்று சிரிப்பை நிறுத்தினார்.

"அப்ப கொறஞ்சது வெச்ச பேர் இல்ல, போட்ட பேர். இத நோனாட்டத்தான் செல்லணும். வாங்க."

நோனா என்று அவர் சொன்னது உள்ளறையில் இருந்த மேலதிகாரியை. சிங்களப் பெண்மணி, கண்ணாடி, வெள்ளைச் சேலை. தமிழ் அவருக்குத் தெரியாது. இனி நான்தான் பேச வேண்டும். பாடசாலையில் சிங்களப் பேச்சுப் போட்டிக்கு மேடை ஏறியவன் நான். ஆனால் பரிசுக்குப் பேசும் சிங்களம் வேறு, அக்காவின் பிள்ளைக்காகப் பேசும் சிங்களம் வேறு. அரைப்பேர் என்பதை அப்படியே சொல்லுக்குச் சொல் பெயர்த்து, "பாக நம" என்றேன்.

நோனா கண்ணாடிக்கு மேலால் பார்த்தார். "பாதிப் பெயரா? யாருடைய பெயரைப் பாதியாக வெட்டினார்கள்?"

மேசைக்காரர் வாயைப் பொத்திக்கொண்டார். ஆனால் அந்தக் கேள்வி காதில் விழுந்ததும் எனக்கு ஒன்று விளங்கியது. அந்தச் சொல்லை வைத்துக்கொண்டு சிங்களத்தில் மட்டுமல்ல, எந்த மொழியிலும் நியாயம் கேட்க முடியாது. பேர் என்றால் தோட்டத்தில் நாளும் அதுதான், சம்பளமும் அதுதான். இரண்டையும் ஒரே சொல்லில் கட்டி வைத்திருக்கிறோம். கட்டைப் பிரித்துத்தான் சொல்ல வேண்டும்.

"நோனா, பெயரை விடுங்கள். அக்கா அந்த நாட்களில் காலையிலிருந்து மாலை வரை மலையில் நின்றாள். முழு நாள். கொழுந்து குறைவு என்று பாதிச் சம்பளம் கொடுத்தார்கள். இப்போது பிள்ளைக்காசுக்குக் கணக்குப் பார்க்கும்போது நாளையும் பாதியாக்கிவிட்டார்கள்."

அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

"பாதி நாளில் வீட்டுக்குப் போனாளா?"

நான் அக்காவிடம் கேட்டேன்.

"எங்க போறது? மத்தியானம் மலையிலயே ரொட்டியத் தின்னுட்டு அங்கனதான் கெடந்தேன். என் நெரையில நின்ன எல்லாரையும் கேக்கச் சொல்லு. கணக்கப்பிள்ளையையே கேக்கச் சொல்லு. என்னை வெரட்டிக்கிட்டுப் பின்னாலேயே நின்னது அவருதானே."

சொன்னேன். கடைசி வாக்கியத்தையும் விடாமல் சொன்னேன். நோனாவின் உதட்டில் ஒரு சிரிப்பு வந்து போனது. தொலைபேசியை எடுத்துத் தோட்ட ஆபீஸுக்குப் போட்டார். எங்களுக்குக் கேட்டது ஒரு பக்கம் மட்டும்தான். முதலில் மெதுவாகப் பேசினார். பிறகு கேட்டுக்கொண்டிருந்தார். அரையும் அரையும் ஒன்று என்று அந்தப் பக்கம் சொல்கிறார்கள் என்பது அவர் முகத்தில் தெரிந்தது.

"தவஸ், மாத்தயா," என்றார். சிங்களத்தில் தவஸ் என்றால் நாட்கள், மாத்தயா என்றால் ஐயா. "சம்பளம் உங்கள் விஷயம். நான் கேட்பது தவஸ்."

அக்கா என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "என்னடா சொல்றாங்க?"

"ஒன்னோட அரைப்பேரும் ஒரு நாள்தானாம்."

"அதைத்தானேடா நானும் அன்னைக்குக் கேட்டேன்," என்றாள் அக்கா. அதற்குள் பிள்ளை விழித்துக்கொண்டது. நோனா எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினார்.

நாட்களாக எண்ணிப் பார்த்தபோது, தேவையானதைவிடக் கூடவே இருந்தது.

5

இங்கே எங்களுக்கு மகன் பிறந்து நலமாக இருக்கிறான். செல்வியும் நலம். விண்ணப்பத்தில் குடும்பப் பெயர் என்ற இடத்தில் ராமசாமி என்று எழுதினேன். அது என் அப்பாவின் பெயர். இந்த நாட்டில் என்னை ராமசாமி என்கிறார்கள், செல்வியைத் திருமதி ராமசாமி என்கிறார்கள், பாலர் பாடசாலையில் மகள் கோட்டு மாட்டும் கொக்கிக்கு மேலேயும் அதுதான் ஒட்டியிருக்கிறது. தோட்டத்தில் யாரும் அப்பாவை முழுதாக ராமசாமி என்று கூப்பிட்டு நான் கேட்டதில்லை. ஏ ராமு, அவ்வளவுதான். பனி கொட்டும் ஊரில் ஒரு வெள்ளைக்காரி தவறில்லாமல் சொல்ல வேண்டும் என்று நாக்கைச் சுழற்றி ரா-மா-சா-மி என்று சொல்லும்போது எனக்கு நெஞ்சு நிமிரும்.

மகளுக்கு இதெல்லாம் எவ்வளவு ஒட்டும் என்று தெரியவில்லை. பேர் கதையை அவளுக்குச் சொல்லிப் பார்த்தேன். "அத்தை பாவம்" என்று நோர்வேஜிய மொழியில் சொன்னாள். பாவமில்லை, அத்தை ஜெயித்தாள் என்று நான் தமிழில் சொன்னேன். எந்தப் போட்டியில் என்று கேட்டாள்.

நாங்கள் குறைந்த சம்பளம், கூடுதல் வாரங்கள் என்று எழுதிக் கொடுத்தோம். அக்காவிடம் சொன்னபோது, "நம்ம குடும்பத்துல அரைப்பேர் போடுங்கன்னு கேட்டு வாங்குன மொத ஆளு நீதான்டா," என்றாள். குகன் அண்ணன் இப்போது வேறு விதமாகப் பேசுகிறார். அவருடைய மகனுக்கு அடுத்த மாதம் பிள்ளை. படிவத்தை எப்படி நிரப்புவது என்று மகனை என்னிடம் அனுப்பியிருக்கிறார். பெரியவரே ஒருநாள் ஓய்வு நேரத்தில் தேநீரோடு பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "எங்கட காலத்திலை இதைக் கேக்கலாமெண்டு ஒருத்தருக்கும் தெரியேல்லை," என்றார். கேட்கலாம் என்று தெரிவதற்குள் எங்களில் பலருக்குப் பிள்ளைகள் வளர்ந்துவிடுகிறார்கள்.

நான் பெரிய படிப்புப் படித்தவனல்ல. பல்கலைக்கழகத்துக்குப் புள்ளி போதவில்லை. மீன் வெட்டுகிறேன். ஆனால் படித்த படிப்பு எதற்கு உதவியது என்று யாராவது கேட்டால் எனக்குப் பதில் இருக்கிறது. லேபர் கந்தோருக்குப் போய் வந்த அடுத்த மாதம், வயிற்றோடும் கைக்குழந்தையோடும் நான்கைந்து பெண்கள் எங்கள் வாசலுக்கு வந்தார்கள். "தம்பி, எனக்கும் அரைப்பேர் கெடக்கு." அவர்களோடும் பஸ் ஏறினேன். மூன்றாவது தடவை போனபோது மேசைக்காரர் படிவத்தை எடுப்பதற்கு முன்பே, "தங்கச்சி, அடையாள அட்டையில உள்ள பேரச் செல்லுங்க" என்று கேட்கப் பழகியிருந்தார். நான்காவது தடவை போகவே தேவைப்படவில்லை. தோட்ட ஆபீஸில் கிளாக்கரய்யாவே நாட்களை எண்ணத் தொடங்கிவிட்டார். "ஒங்க கணக்கும் சரிதான் தம்பி," என்றார் என்னைக் கண்டபோது.

அக்காவின் அந்தப் பிள்ளை இப்போது மாத்தளையில் படிக்கிறாள். அவளுக்கு வாய் அதிகம். உயரமும் அதிகம்.

6

அந்த முதல் திங்கட்கிழமையைச் சொல்லாமல் இதை முடிக்க முடியாது.

அக்கா பிரட்டுக்கு வர வேண்டும் என்று முதலில் சொல்லியிருந்த நாள் அது. பிள்ளைக்காசு சரி என்று சனிக்கிழமை ஆபீஸிலிருந்து சொல்லியனுப்பிவிட்டார்கள். ஆனால் அது கணக்கப்பிள்ளையின் காதுக்கு இன்னும் போயிருக்கவில்லை. விடியுமுன் தேயிலை ஆலையான ஸ்டோரின் சங்கு ஊதியது. லயம் முழுக்கக் கதவுகள் திறக்கும் சத்தம். அம்மா இடுப்பில் சாக்கைக் கட்டி, கூடையை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள். அக்கா எழும்பவில்லை. பிள்ளை அவள் நெஞ்சில் ஒட்டிக் கிடந்தது. எனக்கு நினைவு தெரிந்து, சங்கு ஊதிய பிறகும் அக்கா படுத்திருந்ததை அன்றுதான் பார்த்தேன். அவளுக்கும் அது பழக்கமில்லை. கண்ணைத் திறந்துகொண்டு, திருட்டுத்தனமாகப் படுத்திருப்பவள் மாதிரிக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கணக்கப்பிள்ளை டோர்ச்சை அடித்துக்கொண்டு ஒவ்வொரு வாசலாக வந்தார்.

"எங்க பாக்கியம்? இன்னைக்கு வரச் சொன்னேனே! எழும்பலையா இன்னும்?"

அம்மா அவருக்கு முன்னால் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. கூடையைத் தலையில் சரிசெய்தாள். பக்கத்து வாசல்களில் நின்ற பெண்கள் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்.

"பாக்கியலெட்சுமி லீவுல இருக்காங்க."

தோட்டத்து மேலாளரான துரைக்கு லீவு உண்டு, கிளாக்கரய்யாவுக்கு லீவு உண்டு. எங்கள் லயத்தில் ஒரு பெண்ணைப் பற்றி அந்தச் சொல்லை யாரும் சொன்னதில்லை. அதுவும் பெற்ற தாயே மகளை "இருக்காங்க" என்று மரியாதை கொடுத்து. கணக்கப்பிள்ளை டோர்ச்சைத் தாழ்த்தினார். என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன். அவர் அடுத்த வாசலுக்குப் போனார்.

உள்ளே அக்கா பிள்ளை விழித்துவிடாமல் இருக்கக் கம்பளியை வாயில் கடித்துக்கொண்டு, தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தாள்.